எழுத்தெண்ணி விளையாடுவோம்

ஒரு நூலைப் பழுதறக் கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று போற்றுவது நம் மக்கள் வழக்கு. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தும் எண்ணியும் நிறுத்தும் பார்த்தல் தமிழனுக்குப் புதிய கலை அன்று என்பதற்கு அவ்வழக்கே சான்று. இற்றை நாளில் நம் பிள்ளைகள் தாளிலும் கைப்பேசியிலும் சொல்லாட்டம் ஆடுகின்றனர். ‘இன்ன எழுத்து வருஞ் சொல் யாது? இத்தனை எழுத்தாலான சொல் யாது? இடையில் இன்ன எழுத்து நிற்க, ஈற்றில் இன்ன எழுத்து முடியுஞ் சொல் யாது?’ என்று தேடுகின்றனர். தேடும் உழைப்பும் வேண்டாதவாறு, சமைத்து வைத்த சொற்பட்டியல்களும் கைக்கெட்டுந் தொலைவில் உள்ளன. இத்தேடல் நல்லதே. ஆயின் அது தமிழெழுத்தின் இயல்பறிந்து நடக்கின்றதா, அன்றி அயல்மொழி ஆட்டத்தின் அச்சிலே தமிழை வார்க்கும் முயற்சியாக முடிகின்றதா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இவ்வாட்டங்களைப் பற்றி இருவேறு குறைகள் கூறப்படுகின்றன. தமிழறிஞருள் ஒரு சாரார், ‘மொழி விளையாட்டுப் பொருளன்று, பிள்ளைகள் இலக்கணம் கற்கட்டும்’ என்கின்றனர். ஆங்கிலம் பயின்ற மற்றொரு சாரார், ‘இருபத்தாறு எழுத்துடைய மொழிக்கே இவ்வாட்டம் பொருந்தும், இருநூற்று நாற்பத்தேழு எழுத்துடைய தமிழுக்கு எங்ஙனம் பொருந்தும்?’ என்கின்றனர். இவ்விரு கூற்றும் தவறானவை. முதற்சாரார்க்கு விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. இரண்டாஞ் சாரார்க்கும் விடை அதனுள்ளேயே உள்ளது.

தொல்காப்பியர் மொழிமுதல் எழுத்தையும் மொழியிறுதி எழுத்தையும் வரையறுக்குங்கால், பொதுநெறி கூறிய அளவில் நின்றுவிடவில்லை. ஞகரமெய்யில் முடியுஞ் சொல் ஒன்றே என்றார். நகரமெய்யில் முடிவன இரண்டே என்றார். வகரமெய்யில் முடிவன நான்கே என்றார். உரையாசிரியர்கள் அவற்றைப் பெயர் கூறிக் காட்டினர். உரிஞ் என்பது ஞகரவீறு. பொருந், வெரிந் என்பன நகரவீறு. அவ், இவ், உவ், தெவ் என்பன வகரவீறு. உகரம் ஏறிய சகரத்தில் முடிவன இரண்டென்றும், உகரம் ஏறிய பகரத்தில் முடிவது ஒன்றென்றும் அவரே எண்ணிக் கூறினார். அவ்வொரு சொல்லாகிய ‘தபு’ என்பது தன்வினையும் பிறவினையுமாய் இருபொருள் தருவதையும் அவர் விடவில்லை. மகரவீற்றோடு மயங்காத னகரவீற்றுச் சொற்கள் ஒன்பது என்றும் கணக்கிட்டார். எகின், குயின், அழன், புழன் என்பன அவ்வகையின.

தமிழன்பர்களே! ஒரு மெய்யில் முடியுஞ் சொல் ஒன்றே என்று துணிந்து கூற வேண்டுமாயின், அம்மொழியிலுள்ள சொற்களையெல்லாம் ஈற்றெழுத்தால் அடுக்கிப் பார்த்திருத்தல் வேண்டும். அடுக்கிப் பாராதவன் ‘சிலவே’ என்பான், ‘அரியவே’ என்பான், ‘ஒன்றே’ என்று எண் கூறான். கணினியும் இல்லை, அட்டைக் குறிப்பும் இல்லை. ஆயினும் குறித்த எழுத்துடைய சொல் எவை என்னும் தேடலைத் தமிழ் இலக்கணம் தன் தொடக்கக் காலத்திலேயே முடித்து வைத்திருக்கின்றது. பிற்காலத்துப் பவணந்தியாரும் ஓரெழுத்தொருமொழிகளை எண்ணி நாற்பத்திரண்டு என்றார். உயிரில் 6, மகரத்தில் 6, தகர பகர நகரங்களில் ஐவைந்து, ககர வகர சகரங்களில் நந்நான்கு, யகரத்தில் 1 என நெடில் நாற்பது; நொ, து எனக் குறில் இரண்டு. இஃது இலக்கணமா, விளையாட்டா என்று கேட்பார்க்கு, இரண்டும் ஒன்றே என்பதுதான் விடை. பிள்ளைகளை உருப்போடச் சொன்னால் நாற்பத்திரண்டும் சுமையாகும். தேடிக் கண்டெடுக்கச் சொன்னால் அவையே புதையலாகும்.

புலவரும் இவ்வாட்டத்தை ஆடியுள்ளனர். இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடும் இதழகல் பா, உ ஊ ஒ ஓ ஔ என்னும் உயிர்களையும் ப ம வ என்னும் மெய்களையும் முற்றும் விலக்கி யாக்கப்படுவது. திருக்குறளின் 341-ஆம் குறளில் இதழொட்டும் எழுத்து ஒன்றேனும் இல்லாமையை ஆசிரியர் பலர் வகுப்பில் எடுத்துக்காட்டுவர். துறைமங்கலம் சிவப்பிரகாசர் இவ்வகையில் ஓர் அந்தாதியே பாடினார். ஞானசம்பந்தர் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்றுப் பதிகம் செய்தார். காளமேகர் ககர வரிசையெழுத்து ஒன்றையே கொண்டும், தகர வரிசையெழுத்து ஒன்றையே கொண்டும் வெண்பா இயற்றினார். இன்ன எழுத்துடைய சொல் வேண்டும், இன்ன எழுத்தில்லாத சொல் வேண்டும் என்று நெஞ்சினுள்ளே தேடாமல் இவற்றுள் ஒன்றும் பிறந்திராது.

இத்தேடலுக்குக் கருவிநூல்களும் எழுந்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொற் பல்பொருள் கூறும் பகுதியில் சொற்களை இரண்டாம் எழுத்தால், அஃதாவது எதுகையால், அடுக்கியது. செய்யுள் யாப்போன் தேடுவது இரண்டாம் எழுத்து ஒன்றிய சொல்லை ஆகலின், அம்முறை அவனுக்குப் பயன்பட்டது. 1594-ஆம் ஆண்டில் சிதம்பர இரேவணசித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்தால் அடுக்கினார். 1732-ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்புடையது. அவற்றுள் தொடை என்னும் பகுப்பு, எதுகைக்கு வேண்டுஞ் சொற்களைத் தேடித் தருவதற்கென்றே அமைந்தது. குறித்த எழுத்துடைய சொற்களின் பட்டியல் கணினி ஈன்ற புதுமை என்று எண்ணுவார் இதனை அறிதல் நன்று.

இனி, இரண்டாஞ் சாரார் கூற்றுக்கு வருவோம். கட்டத்துள் எழுத்தை நிரப்பும் குறுக்கெழுத்தாட்டத்தை ஆர்தர் வின் என்பார் 1913-ஆம் ஆண்டு திசம்பரில் நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் வெளியிட்டார். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல்லாக்கும் ஆட்டத்தை ஆல்பிரடு பட்சு என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களில் வகுத்தார். இன்று அஃது ‘இசுகிராபிள்’ என உலகெங்கும் வழங்குகின்றது. செய்தித்தாள்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என்று அவர் எண்ணினார். மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறைந்த மதிப்பும், அரிதாக வரும் எழுத்துக்கு மிகுந்த மதிப்பும் தந்து, நூறு வில்லைகளை அமைத்தார். அவர் தம் மொழியின் எழுத்தை எண்ணித் தம் மொழிக்கு ஆட்டம் வகுத்தார் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். நாமோ எண்ணும் உழைப்பை விட்டுவிட்டு, அவர் வகுத்த அச்சை மட்டும் இரவல் வாங்க விழைகின்றோம்.

தமிழுக்கு எழுத்து மிகுதி என்பதும் மேற்போக்கான கூற்று. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஆக முதலெழுத்து முப்பதே. அவை கூடிப் பிறந்த உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆகத் தொகை இருநூற்று நாற்பத்தேழு. எனவே தமிழில் இருவகை ஆட்டம் இயலும். கட்டத்திற்கு ஓரெழுத்தாக நிரப்பும் ஆட்டம் ஒன்று. முப்பது முதலெழுத்தையும் வில்லையாக வைத்துக் கூட்டிப் பிரிக்கும் ஆட்டம் மற்றொன்று. முன்னது சிறுவர்க்கு, பின்னது புணர்ச்சி பயிலும் மேல்வகுப்பு மாணவர்க்கு. ஆங்கிலத்திற்கு ஒரு வாயில் இருக்கும் இடத்தில் தமிழுக்கு இரண்டு வாயில் உள.

குழப்பம் எழுவது வேறிடத்தில். ‘வாழ்க்கை’ என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்க. வா, ழ், க், கை என அதற்கு எழுத்து நான்கு. வ், ஆ, ழ், க், க், ஐ என முதலெழுத்தாகப் பிரித்தால் ஆறு. இற்றைக் கணினிகளில் வழங்கும் ஒருங்குகுறி முறையில் அச்சொல் வகரம், கால், ழகரம், புள்ளி, ககரம், புள்ளி, ககரம், ஐகாரக் குறி என எட்டுக் குறிகளாகப் பதிவாகின்றது. நான்கும் ஆறும் தமிழ்க் கணக்கு. எட்டு என்பது பொறியின் கணக்கு. அது எழுத்துக் கணக்கன்று. ‘மரம்’ என்பதற்கு எழுத்து மூன்று, குறி நான்கு. ‘கை’ என்பதற்கு எழுத்து ஒன்று, குறி இரண்டு. குறியை எண்ணி எழுத்தென்று கொள்ளும் மென்பொருளிடம் நான்கெழுத்துச் சொல் கேட்டால், வாழ்க்கையை விட்டுவிட்டு மரத்தைத் தரும். அதனைக் கொண்டு ஆடும் பிள்ளை, தமிழெழுத்து இன்னதென்பதையே பிழைபடக் கற்கும்.

இஃது அதனினும் ஆழமான பிழை ஒன்றைத் தன்னுள் கொண்டது. நம் இலக்கணப்படி க் என்பதே முதல். அதன்மேல் அகரம் ஏறியது க. ஒருங்குகுறியோ ககரத்தை முதலாக வைத்து, புள்ளியிட்டு அகரத்தை நீக்கிக் க் என்பதைப் பெறுகின்றது. தாயைச் சேயாகவும் சேயைத் தாயாகவும் வைத்ததை ஒக்கும். ஆகவேதான், ‘ககரம் வருஞ் சொல்’ என்று பொறியிடம் கேட்டால் கிளி, குயில், கோழி எல்லாம் ஓடி வருகின்றன. ஒவ்வோரெழுத்துக்கும் தனியிடந் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடும் வகுக்கப்பட்டு, ஒருங்குகுறியோடு அதனையும் தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் ஏற்றது. எனினும் வழக்கில் ஓங்கி நிற்பது ஒருங்குகுறியே. அதனைக் குறைகூறிக் காலங் கழிப்பதிற் பயனில்லை. குறிகளைக் கூட்டி எழுத்தாக்கிய பின்னரே எண்ணுக என்று மென்பொருள் எழுதுவோர்க்குக் கற்பிப்பதே செய்யத்தக்கது. அஃது அவர்க்கு எளிய வேலை. கேட்பார் இல்லாமையாலேயே செய்யாது விடுகின்றனர். வரிவடிவு வேறு, எழுத்து வேறு என்பதை நாம் முன்னமே பட்டறிந்துள்ளோம். 1978-ஆம் ஆண்டில் பெரியார் எழுத்துத் திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு ஏற்றபோது, ணை, லை, ளை, னை முதலியவற்றின் வடிவம் மாறிற்று. ‘மலை’ என்னுஞ் சொல் அன்றும் ஈரெழுத்து, இன்றும் ஈரெழுத்து.

எழுத்தின் இயல்பறிந்து ஆடுவானுக்கு இலக்கணம் கைவிளக்காகின்றது. கட்டத்தில் க், ச், த், ப் என்பவற்றுள் ஒன்று நின்றால், அடுத்த கட்டத்தில் அதே மெய்யேறிய எழுத்தே வரும், பிறிதொன்று வாராது. ட், ற் என்பவை நின்றால் தம்மொடு தாமும், க, ச, ப என்னும் மூன்றின் வரிசையும் வரும்: நட்பு, காட்சி, வெட்கம், கற்பு, முயற்சி, கற்கை. ர், ழ் என்பன ஒருகாலும் தம்மொடு தாம் இரட்டா. ஒரு சொல்லினுள் இரண்டு புள்ளியெழுத்து அடுத்தடுத்து நின்றால், முன்னது ய், ர், ழ் என்னும் மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும்: வாய்ப்பு, நேர்த்தி, வாழ்க்கை. ஆய்தமோ குறிலையடுத்து, வல்லின உயிர்மெய்க்கு முன்னரே நிற்கும்: எஃகு, அஃது, பஃறுளி. திருக்குறளின் பதினெட்டாம் அதிகாரப் பெயராகிய வெஃகாமையும் அவ்வாறமைந்ததே. ‘ஃபேன்’ என்று ஆய்தத்தை முதலில் நிறுத்துவது அவ்வெழுத்தின் முதுகை முறிப்பதாகும்.

நம் செம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு இதனைக் கற்பிக்க நூல் தேடி எங்கும் போக வேண்டுவதில்லை. ஊர்ப்பெயர்ப் பலகைகளே போதும். செம்பாக்கம் என்பதில் செ, ம், பா, க், க, ம் என எழுத்து ஆறு, மகரமெய்க்குப் பின் அதன் இனமாகிய பகரம், ககரமெய்க்குப் பின் ககரமே, ஈற்றில் மகரம். தாம்பரம், மாடம்பாக்கம் என்பனவும் இந்நெறியின. ஊரையடுத்து நிற்பது இராசகீழ்ப்பாக்கம். அதனுள் ழ், ப் என இரு புள்ளி அடுத்தடுத்து நிற்க, முன்னது ழகரமாதல் காண்க. அதே ஊரைப் பலகைகள் ‘ராஜகீழ்ப்பாக்கம்’ என எழுதுகின்றன. மொழிமுதலில் வாராத ரகரத்தையும், தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஓர் எழுத்தையும் முதலிரு கட்டங்களிலேயே பிள்ளைகள் பிடித்துவிடுவர். தொடர்வண்டி நிலையத்தில் ‘டிக்கெட்’ என்னுஞ் சொல்லைக் கண்டால், முதலில் நிற்கலாகாத டகரம் முதலிலும், ஈற்றில் நிற்கலாகாத ட் ஈற்றிலும் நிற்பதை அவர்களே சுட்டிக்காட்டுவர். பக்தி, சப்தம், பத்மம் என்பன தமிழ் மயக்கத்திற்கு ஒவ்வாதன என்பதை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது.

இவ்விடத்து நம் இயக்கத்தவர்க்கும் ஒரு சொல் கூறக் கடமைப்பட்டுள்ளோம். எழுத்தென்னுஞ் சல்லடை கொண்டு சலித்த அளவில் சொல் தமிழாகிவிட்டது என்று நம்மிற் பலர் அமைந்துவிடுகின்றனர். அது போதாது. குரோம்பேட்டை என்னும் பெயரைப் பாருங்கள். கு, ரோ, ம் என்னும் எழுத்துகளில் இலக்கணம் விலக்கியது ஒன்றுமில்லை. ஆயினும் ‘குரோம்’ என்பது அங்கிருந்த தோல் தொழிற்சாலையால் வந்த அயற்சொல்லே. 1911-ஆம் ஆண்டு முதல் நம் அண்மையிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள், முன்னர் வேதாசலம் என்னும் பெயரினர். அப்பெயரில் தமிழுக்கு ஒவ்வா எழுத்து ஒன்றேனும் உண்டா? இல்லை. எழுத்தை மட்டும் பார்த்திருந்தால் அடிகள் தம் பெயரை மாற்றியிரார். அவர் பார்த்தது சொல்லின் வேரை. எழுத்துநெறி கடந்த சொல் அயற்சொல் என்று துணியலாம். எழுத்துநெறிக்கு அடங்கிய சொல்லெல்லாம் தமிழ் என்று துணிதல் ஆகாது.

மறுதலையாக, பழைய நூற்பா ஒன்றின் பாடத்தையே முற்றமுடிபாகக் கொண்டு நல்ல தமிழ்ச் சொல்லை விலக்குவதும் தவறு. தொல்காப்பியத்தில் சகரம் அகரத்தோடு மொழிமுதலாகாது என்னும் பாடம் வழங்குகின்றது. அதனை அவ்வாறே கொண்டால் சட்டி, சருகு, சரி என்பனவெல்லாம் ஆட்டத்தினின்று வெளியேற வேண்டும். பாவாணர் போன்றோர் அப்பாடத்தை ஏற்கவில்லை. நன்னூலாரும் அவ்விலக்கைக் கொள்ளவில்லை. யகரத்தில் தொல்காப்பியர் யா ஒன்றனையே மொழிமுதலாகக் கொண்டார்: யாழ், யானை, யாண்டு, யாமை. நன்னூலார் மேலுஞ் சிலவற்றைக் கொண்டது, வடசொற்கள் வந்து கலந்த வழக்கை நோக்கி. ஆகவே இலக்கணத்தையும் காலமறிந்து, வழக்கறிந்து, வேரறிந்து கையாளல் வேண்டும்.

இத்துணையும் கூறியது ஒரு பெருங் கவலையால். சமைத்து வைத்த பட்டியலில் சொல் கிடைக்கின்றது, பொருள் கிடைப்பதில்லை. ஞகரத்தில் தொடங்குஞ் சொல் கேட்டால், ஞாலம், ஞாண், ஞெகிழி, ஞிமிறு எனப் பொறி வரிசையாகக் கொட்டும். பிள்ளை அவற்றுள் ஒன்றை எடுத்துக் கட்டத்தில் நிரப்பி மதிப்பெண் பெற்று எழுந்துவிடும். ஞிமிறு வண்டென்றும், ஞெகிழி கொள்ளிக்கட்டை என்றும், ஞாண் என்பதே இன்று நாணாக நிற்கின்றது என்றும், ஞண்டு என்பதே நண்டாக நம் வாயில் வாழ்கின்றது என்றும் அறியாமலே எழுந்துவிடும். பொருளறியாச் சொல் ஆட்டம் முடிந்ததும் மறந்துபோம். சொல் தேடும் உழைப்பில் பிள்ளையின் நெஞ்சம் நூறு சொல்லைத் தட்டிப் பார்த்துத் தள்ளுகின்றது. தள்ளிய சொல்லும் அதற்குரிய சொல்லாகின்றது. அவ்வுழைப்பைப் பட்டியல் பறித்துக்கொள்ளுமாயின், விளையாட்டின் பயன் முழுதும் போயிற்று என்க.

ஆகலின் தமிழாசிரியர்க்கும் தமிழ் மன்றத்தார்க்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

ஒன்று: ஆட்டத்தில் எண்ணப்படுவது எழுத்தாக இருத்தல் வேண்டும், குறியாக இருத்தல் ஆகாது. சொற்பட்டியல் செய்வோரும் மென்பொருள் எழுதுவோரும் இதனைத் தம் முதல் நெறியாகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டு: சொல்லைக் கூறியவன் பொருளையும் கூறுதல் வேண்டும். பொருள் கூறாத சொல்லுக்குப் பாதி மதிப்பெண்ணே வழங்குக. ஐயம் எழுந்தால், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியையும், 1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியையும் புரட்டிக் காண்க. ஆட்டத்தின் நடுவே அகரமுதலியைத் திறக்கும் பிள்ளை அதனை மூடும்போது வேறு பத்துச் சொற்களை உடன்கொண்டே மூடும்.

மூன்று: எழுத்தின் மதிப்பை அயல்நாட்டு ஆட்டத்தினின்று படியெடுக்க வேண்டா. மாணவரே திருக்குறளின் ஓர் அதிகாரத்தையோ, பாடநூலின் ஒரு பக்கத்தையோ எடுத்து, எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என எண்ணட்டும். மிக்கு வரும் எழுத்துக்குக் குறைந்த மதிப்பும் அருகி வரும் எழுத்துக்கு மிகுந்த மதிப்பும் அவர்களே வகுக்கட்டும். அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் முதலிய சில சொற்களிலன்றி ஙகர உயிர்மெய் காண்டற்கு அரிது என்பதை எண்ணிக் கண்ட பிள்ளை அதனை ஒருநாளும் மறவாது.

நான்கு: அயற்சொல் வந்துவிட்டால் பிள்ளையைக் கடிந்து வெளியேற்ற வேண்டா. அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைக் கூறுவார்க்கு இரு மடங்கு மதிப்பெண் தருக. ‘டிக்கெட்’ என்ற பிள்ளையே அடுத்த நொடியில் ‘பயணச்சீட்டு’ என்று கூறுமாயின், அங்கே வென்றது பிள்ளையும் தமிழும் ஆம். கடிந்துரைத்தால் பிள்ளை வாயை மூடும். வாய் மூடிய பிள்ளையிடம் எம்மொழியும் வளராது.

இவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை, அரசாணை வேண்டுவதில்லை. கரும்பலகை ஒன்றும், சுண்ணக்கட்டி ஒன்றும், மாலையில் அரைமணி நேரமும் போதும். செம்பாக்கத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் உள்ள தமிழன்பர்கள் தத்தம் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டி இதனைத் தொடங்கலாம். தமிழைக் காக்க வேண்டுமென்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு பிள்ளையை ஒரு சொல்லைத் தேட வைப்பது அதனினும் பயனுடையது. முன்னோர் எழுத்தெண்ணி இலக்கணம் கண்டனர். நாம் எழுத்தெண்ணி விளையாடவேனும் கற்பிப்போமாயின், அவ்விலக்கணம் அடுத்த தலைமுறையின் நாவில் நிலைக்கும். இன்றே தொடங்குக.